வழிகாட்டும் புரதத்தை நிறுத்தினார்கள்

எங்கள் ஆய்வகத்தில் மூத்த ஆராய்ச்சியாளரை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பாவியை நானும் அப்படித்தான் கூப்பிட்டுத் தொலைத்தேன்.

என் வேலை தட்டில் நரம்பு செல் வளர்ப்பது. கருவில் நரம்பு நீளும்போது அதற்கு வழிகாட்ட ஒரு புரதம் உண்டு. அது எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நரம்பின் நுனி திரும்பும். அதைப் படம் பிடித்துக் காட்டினால்தான் எனக்குப் பட்டம். உதவித்தொகையோ இந்த மாதத்தோடு சரி. படாத பாடுபட்டு, கடைசியில் ஒரே ஒரு தட்டில் நரம்பிழைகள் புரதத்தின் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தன. அன்றைக்குப் பார்த்து அப்பா போய்விட்டார் என்று போன் வந்தது.

"நீ கிளம்பும்மா. தட்டை நான் பாத்துக்கறேன்," என்றார் அண்ணா.

"ஊட்டத் திரவம் மாத்தறப்ப புரதத்தை மறந்துடாதீங்கண்ணா. அது தனிக் குழாய்ல இருக்கு."

"எனக்கே பாடமா? போய் அப்பா காரியத்தைப் பாரு."

காரியம் முடிந்த கையோடு ஓடிவந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். பெரும்பாலான செல்கள் சுருங்கி, உடைந்து, பொடிப்பொடியாக மிதந்தன.

"பட்டினி போட்டுட்டீங்களாண்ணா?"

"சேச்சே! சாப்பாடெல்லாம் தாராளமா போட்டேன். புரதத்தை மட்டும்தான் நிறுத்தினேன்." வெட்கமே இல்லாமல் சொன்னார். "செல் மேல புரதத்தைப் பிடிச்சுக்கற ஏற்பி காலியா நின்னா, அதுவே செல்லைச் சாகச் சொல்லும்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். ஏற்பி இல்லாத செல் மட்டும் உயிரோட இருக்கு பாரு! என் தட்டுல எதுவும் ஒழுங்கா வளரல. உன்னுது ஜோரா இருந்துச்சு. நீயும் ஊர்ல இல்ல."

வயிறெரிந்து பேராசிரியரிடம் ஓடினேன். அவர் செத்த செல்களின் படத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

"வழி மட்டும்தான் காட்டும்னு நெனச்சோம்மா. உயிரையும் அதுதான் பிடிச்சு வச்சிருக்கு. பெரிய விஷயம்!"

"என் பட்டம், சார்?"

"ஒரு தட்டை வச்சு யாரும் நம்ப மாட்டாங்க. இன்னும் மூணு தட்டு வளத்து அவன்கிட்ட குடு. உதவித்தொகையை நீட்டிக்கறேன்."

"படமாவது எனக்கு..."

"எல்லாப் படமும் அவன் கட்டுரைக்கு. உன்னுதை அப்புறம் பாக்கலாம்."

வளர்த்தேன். மூன்று தட்டிலும் இழைகள் முன்பைவிட அழகாகத் திரும்பின. கண்ணை எடுக்க மனசே வரவில்லை. அண்ணா பின்னால் வந்து நின்றார்.

"புரதத்தை நிறுத்தறதையும் நீயே பண்ணிடும்மா. உன் கை ராசியான கை."

பண்ணினேன்.