ஏரோடிரோமிலிருந்து முப்பது மைல்

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆடி மாதம், அம்மாவைப் புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயிற்றில் கட்டி. அறுத்து எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அம்மாவின் அண்ணன் வெள்ளைச்சாமி மாமா கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் அம்மா சம்மதிக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்து ஒருத்தியைப் படுக்கவைத்தால் அவள் எழுந்திருப்பாள் என்று என்ன நிச்சயம் என்று கேட்டாள்.

"அவுக மொகத்தப் பாக்காம நான் அந்த ரூமுக்குள்ள போகமாட்டேன்" என்றாள்.

அவுக என்றால் என் அப்பா. பெயர் அடைக்கலம். கொழும்பில் ஒரு செட்டியாருடைய அரிசிக் கிடங்கில் வேலை. போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மாமா தந்தி அடித்தார். வழக்கம்போல ரயிலும் கப்பலும் பிடித்து வந்தால் இரண்டு நாள் ஆகும் என்று முதலாளியே அப்பாவை ஏரோப்ளேனில் ஏற்றிவிடுவதாகப் பதில் தந்தி கொடுத்தார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் திருச்சி. டாக்டரம்மா அதைக் கேட்டுவிட்டு, வியாழன் பகல் பன்னிரண்டு மணிவரை பொறுக்கலாம், அதற்கு மேல் உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்.

மாமா ஒரு வாடகைக் காரை ஏற்பாடு செய்தார். டிரைவர் சூசைராஜ். அப்போது பெட்ரோல் ரேஷன் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். போய்வர எவ்வளவோ அவ்வளவுதான் அவரிடம் இருந்தது. எழுத்துத் தெரிந்த ஆள் ஒன்று கூட வேண்டும் என்று மாமா என்னையும் ஏறச் சொன்னார். நான் எட்டாவதோடு நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவால் குனிந்து நிமிர முடியாமல் போனபோது நின்றேன். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பேசச் சொன்னால் தமிழே வராது.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். கீரனூர், மாத்தூர் தாண்டி, திருச்சிக்கு நாலைந்து மைல் இருக்கும்போது இடது பக்கம் பெரிய வெட்டவெளி வந்தது. கம்பத்தில் ஒரு துணிக் குழாய் ஆடிக் காற்றில் பருத்து நின்றது. பக்கத்தில் பலகை. ஏரோடிரோம் என்று படித்தேன். கார் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

நிறுத்தட்டுமா என்று சூசைராஜ் கேட்கத்தான் கேட்டார். மாமா கையை முன்னால் நீட்டி, போ போ என்றார். கோனாபட்டுச் செட்டியார் ஒருவர் ப்ளேனில் வந்து இறங்கிய கதையை அவர் கேட்டிருந்தார். இறங்குகிறவர்களைக் ப்ளேன் கம்பெனிக்காரனே காரில் ஏற்றித் திருச்சி ஜங்ஷனில் கொண்டுவந்து விட்டுவிடுவானாம். வெட்டவெளியில் போய் வெயிலில் நிற்பானேன் என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் எனக்கு வேறொன்று தெரியும். அப்பாவின் கடிதங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறவள் நான். கொழும்பு டிராமில் துரைமார் யாராவது உட்கார்ந்திருந்தால் தான் ஏறுவதில்லை, கிடங்குவரை நடந்தே போய்விடுவதாக ஒருமுறை எழுதியிருந்தார். அப்படிப்பட்டவர் துரைமாரோடு கம்பெனிக் காரில் ஏறுவாரா? அதிலும் இந்த ரோட்டிலேயே தெற்கே போனால் புதுக்கோட்டை. வடக்கே போகிற காரில் எதற்காக ஏறுவார்?

இதைச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும். மனதில் அடுக்கி வைத்துக்கொண்டேன். ரயில்வே கேட் வந்தது, திறந்தது. முதல் வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜங்ஷன் வந்துவிட்டது.

ஜங்ஷன் வாசலில் இரண்டு மணி நேரம் நின்றோம். மாமா வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். பழம் என் கையிலேயே கறுத்தது. பத்து மணி ஆனபோது ஊருக்குத் தெற்கே எங்கேயோ இரைச்சல் கேட்டு அடங்கியது. மாமா, வந்துட்டான் என்று வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். பத்தே முக்காலுக்குக் கம்பெனிக் கார் வந்தது. இரண்டு துரைமார் இறங்கினார்கள். தோல்பெட்டியோடு ஒரு செட்டியார் இறங்கினார். அப்புறம் கார் காலியாக இருந்தது.

கார் டிரைவரிடம் மாமா ஓடிப்போய்க் கேட்டார். அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"கோட்டுப் போட்ட ஒருத்தரு இருந்தாரு. ஏறுங்கன்னா கும்பிடு போட்டுட்டாரு. புதுக்கோட்டை ரோடு எங்கிட்டுன்னு கேட்டுட்டு நடந்து போயிட்டாருங்க."

"நடந்தா?"

"ஆமா. ஆகாசத்துல வந்துட்டு நடையா போறாருன்னு நாங்களும் சிரிச்சோம்."

மாமா என்னைப் பார்த்தார். ஏதாவது கேட்டிருந்தால் அழுதிருப்பேன். சூசைராஜ் காரைத் திருப்பினார். மணி பதினொன்று. இனி எவ்வளவு விரட்டினாலும் பன்னிரண்டரைக்கு முன்னால் போய்ச் சேர முடியாது என்று அவர் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்.

ஏரோடிரோமைத் தாண்டியதும் மாமா சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். கோட்டுப் போட்டுக்கொண்டு தனியாக நடக்கிற ஆளைத் தேடினார். புளியமரங்கள், மாட்டுவண்டிகள், ஆடு ஓட்டுகிறவர்கள். கோட்டுக்காரர் யாரும் இல்லை. மாத்தூர் தாண்டி ஒரு மேட்டில் கரி பஸ் ஒன்று நின்றுபோயிருந்தது. அந்த நாளில் பெட்ரோலுக்குப் பதில் பின்னால் அடுப்பு வைத்துக் கரிப்புகையில் ஓடுகிற பஸ்கள் அதிகம். மேடு வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். ஆண்கள் எல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் அடுப்பைக் கிளறியபடி, சோறு தின்ன கையா இது, இன்னும் கொஞ்சம் முக்குங்கய்யா என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

மாமா பஸ்ஸைப் பார்க்கவில்லை. அதற்கு அப்பால் இருந்த ரோட்டைப் பார்த்தார். சூசைராஜ் ஹாரன் அடித்து ஒதுங்கினார். தள்ளுகிறவர்களின் முதுகுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கடைசியில் ஒருவர் கையால் தள்ளாமல் இடது தோளை முட்டுக் கொடுத்துத் தள்ளினார். நெல் மூட்டையை வண்டியில் ஏற்றும்போது அப்பா அப்படித்தான் முட்டுக் கொடுப்பார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பார்த்தது.

"நிறுத்துங்க" என்றேன்.

சூசைராஜ் திரும்பிப் பார்த்தார். மாமாவும் பார்த்தார். இந்தக் குரல் யாருடையது என்று தேடுகிறவர்கள் மாதிரி பார்த்தார்கள்.

"நிறுத்துங்க மாமா. அந்தா, அப்பா."

கார் நின்றது. அப்பாவின் முகமெல்லாம் கரி. நடந்துபோனவர் வழியில் இந்த பஸ்ஸைக் கண்டு ஏறியிருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். விமானத்துக்காக யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு பஸ் ஜன்னலில் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஏறினார். என்னைப் பார்த்து, "முத்தாளா?" என்றார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர் பார்த்த பெண் இல்லை நான். தலையை ஆட்டினேன். மீதி வழி எல்லாம் அவர் கேட்டது ஒரே கேள்விதான். மணி என்ன? மாமாவின் கடிகாரத்தை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். பன்னிரண்டு அடிக்கும்போது கீரனூரைத் தாண்டி வெகு தூரம் வரவில்லை. காலையில் இந்த வழியாக வந்தபோது இரண்டு வாக்கியம் என்னிடம் இருந்ததை நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்தாயி அத்தை தனியாக உட்கார்ந்திருந்தாள். மாமாவின் பெண்டாட்டி. அம்மாவின் கட்டில் காலியாக இருந்தது. அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார்.

அத்தை அவசரமாக எழுந்து சொன்னாள். அம்மா செத்துப்போகவில்லை. உள்ளே இருக்கிறாள். பத்தரைக்கே போய்விட்டாள், அவளாகத்தான் போனாள். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆஸ்பத்திரி ஓட்டுக்கு நேர் மேலே பெரிய இரைச்சல் கேட்டதாம். நர்சுகள்கூட வாசலுக்கு ஓடினார்களாம். அம்மா என்ன சத்தம் என்று கேட்டிருக்கிறாள். ஏரோப்ளேன், தெற்கேயிருந்து வடக்கே போகிறது என்று அத்தை சொல்லியிருக்கிறாள்.

"'அவுகதான்'னா. 'எந்தலைக்கு மேல வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாக. அது போதும், டாக்டரம்மாவக் கூப்பிடு'ன்னா. நான் என்னத்தச் சொல்ல, கூப்பிட்டேன்."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்த என்னிடம் மட்டும் சொன்னார். ஜன்னல் பக்கத்தில் ஒரு துரை உட்கார்ந்திருந்தாராம். குனிந்து பார்க்கட்டுமா என்று கேட்கக் கூச்சமாக இருந்ததாம். கடல் தாண்டினதும் தெரியாது, ஊர் வந்ததும் தெரியாது. வழியெல்லாம் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே வந்ததாகச் சொன்னார்.

நானும் சொன்னேன். காலையில் ஏரோடிரோம் பலகையைப் படித்துவிட்டு வாய் திறக்காமல் போனதைச் சொன்னேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.  

ஒன்றரை மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்து, பிழைத்துக்கொள்வாள் என்றார். நாங்கள் வந்து சேரும்வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாமா கேட்டதற்கு அவர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் அம்மா கண் திறந்தாள். கட்டிலைச் சுற்றி நாங்கள் நின்றோம். அப்பா முகம் கழுவியிருந்தார், காது மடலில் மட்டும் கரி மிச்சம் இருந்தது. அம்மா அவரையே வெகு நேரம் பார்த்தாள். நாக்கு உலர்ந்திருந்ததால் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"மேலேருந்து பாத்தீகளா? ஆசுபத்திரி தெரிஞ்சுச்சா?"

அப்பா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். சொல்ல வேண்டியது தொண்டையில் வந்து நிற்கும்போது எனக்கும் அப்படித்தான் ஆகும்.

"தெரிஞ்சுச்சாம், அம்மா" என்றேன். "குளமெல்லாம் தெரிஞ்சுச்சாம். பின்னாடி கொடியில காயப்போட்ட வெள்ளைத் துணிகூடத் தெரிஞ்சுச்சாம். இதுதான் நம்ம ஆசுபத்திரின்னு அப்பாவுக்கு ஒடனே புரிஞ்சுபோச்சாம்."

அம்மா என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"ஒனக்கு எப்பருந்துடி இம்புட்டுப் பேச்சு?"

அப்பா அவள் கால்மாட்டில் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். போர்வை ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.