மரியோவின் கல்

எங்கள் ஆட்களுக்குச் செத்தவர்களைச் சின்னதாக நினைக்கத் தெரியாது. முப்பத்தோராம் நாளுக்கு ஒரு மண்டபம், மேடை நிறையப் பூ, ஆளுயரப் படம், வந்தவர்கள் கையில் படம் போட்ட அட்டை. சாப்பாட்டில் ஒரு குறையும் இருக்கக்கூடாது. இதையெல்லாம் நான் காலகாலமாக நக்கலடித்து வந்தவள். என் அண்ணன் யேசுரட்ணத்தின் மகன் மரியோ செத்த பிறகு அந்த நக்கல் தொண்டைக்குக் கீழேயே நின்றுவிட்டது.

மரியோவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கனடாவில், மிசிசாகாவில் எஞ்சினியராக வேலை செய்தான். ஒரு மத்தியானம் தலை இடிக்கிறது என்று சொல்லி மேசையில் சாய்ந்தவன் பிறகு எழும்பவேயில்லை. மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். சொல்லிவிட்டு டொக்டர் போய்விட்டார். நாங்கள் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றோம்.

அவனுடைய வாழ்க்கையில் பாதிதான் மிசிசாகாவில் இருந்தது. மற்றப் பாதி மலாவியில். லீவு கிடைத்தால் மற்றப் பிள்ளைகள் கியூபாவுக்குப் பறப்பார்கள், இவன் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்துகொண்டு மலாவியில் ஒரு கிராமத்துக்குப் போய்விடுவான். அந்த ஊரின் பெயரை எனக்கு எத்தனை தரம் சொல்லித் தந்திருப்பான், இன்னும் என் வாயில் வராது. அங்கே போய் அடுப்புக் கட்டினான். மூன்று கல்லை வைத்து விறகை அடுக்கி எரித்து, புகையில் கண்ணும் நெஞ்சும் கெட்டுப்போன பெண்களுக்கு, கொஞ்ச விறகில் எரிகிற, புகையை வெளியே தள்ளுகிற அடுப்பு. பள்ளிக்கூடத்துச் சமையலறையிலும் ஒன்றைக் கட்டினான்.

திரும்பி வந்தால் மார்க்கம் நகரில் அண்ணன் வீட்டுக் குசினியில் வந்து நிற்பான். அவனுடைய தாய், என் மச்சாள் வேரோனிக்கா, காஸ் அடுப்பைத் திருகுவதை ஏதோ வித்தை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"அம்மா, உங்களுக்கு இருமல் இல்லை. அது எவ்வளவு பெரிய விசயம் எண்டு உங்களுக்குத் தெரியாது."

"போடா விசரா. கறி கொதிக்குது, தள்ளி நில்லு."

அடுத்தது தண்ணீர் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு குழாய்க்கிணறு போட வேண்டும், ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கத்தான் அவர்களின் பாதி விறகு போகிறது, தண்ணீரைச் சரிப்படுத்தாமல் அடுப்பை மட்டும் கட்டி என்ன பிரயோசனம் என்று என்னோடு சண்டைக்கு வருவான். நான்தான் ஏதோ தடுத்து வைத்திருப்பது மாதிரி. அந்தச் சண்டை முடிவதற்குள் போய்விட்டான்.

மரியோவைப் புதைக்க அண்ணன் சேமக்காலையில் வாங்கிய நிலத்தில் நிமிர்ந்து நிற்கிற கல்லுக்கு அனுமதியில்லை. வாங்குகிற நேரத்தில் யாருக்கு அதைக் கேட்கிற நிலைமை இருந்தது? புல்லோடு புல்லாகப் படுத்திருக்கிற வெண்கலத் தகடுதான். புல்லு வெட்டுகிற மெசின் தடங்கலில்லாமல் ஓட வேண்டுமாம். வெயில் காலத்தில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. தகடு போட்ட பிறகு முதல் பனிக்காலம் வந்தபோதுதான் தெரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே வெள்ளை. யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அண்ணன் கையுறை போட்ட கையால் பனியைத் தோண்டத் தொடங்கினார். ஒரு சீனக் கிழவரின் பெயர் வந்தது. ஒரு இத்தாலிக்காரியின் பெயர் வந்தது. மகனுடைய பெயரை மட்டும் காணவில்லை.

காருக்குள் வந்திருந்து ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். விமான நிலையத்தில் காலமெல்லாம் பெட்டி தூக்கி உரமேறிய மனிதர் அவர். அவர் அப்படி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்ரை பிள்ளையின்ரை பேர் நிமிர்ந்து நிக்க ஒரு இடம் இல்லையோ, பேர்ணடெற்?"

அன்றைக்குத்தான் அந்தக் கல் அவருடைய தலைக்குள் முளைத்தது.

மரியோ போட நினைத்த குழாய்க்கிணற்றை அவர் போட்டுக்கொடுத்தார். கிணற்றுக்குப் பக்கத்தில் மகனுக்கு ஒரு கல். அதை இங்கேயே செய்வித்தார். கறுப்புக் கருங்கல், நெஞ்சளவு உயரம். மேலே சிலுவை. நடுவில் மரியோவின் முகம், சிரிப்பில் விழுகிற கன்னக்குழிகூடத் தெளிவாக. அதன் கீழே தோற்றம், மறைவு. ஆகக் கீழே அப்பா, அம்மா, தங்கை. கிணற்றுக் கைப்பம்பியின் சாமான்கள் போன கொண்டெயினரிலேயே அதையும் ஏற்றினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த மனிதரிடம் அந்தத் தொண்டு நிறுவனக்காரர் எப்படி மாட்டேன் என்று சொல்வார்கள்?

மரியோவின் தங்கை அனோஜா மட்டும் வாய் திறந்தாள். "அப்பா, இட்ஸ் எ வோட்டர் பம்ப். சின்னதா ஒரு பிளேட் வைச்சால் காணும்."

"சின்னப் பிளேட் இஞ்சை இருக்குத்தானே. ஸ்நோவுக்குக் கீழை."



கோடையின் முடிவில் படம் வந்தது. பம்பியை அமத்துகிற பெண்கள், வெறுங்காலோடு பிள்ளைகள், பின்னால் பளபளவென்று கல். அங்கே வேலைகளைப் பார்த்துக்கொண்ட கிரேஸ் என்ற பெண் எடுத்தனுப்பிய படம். அண்ணன் அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு ஹோலில் மாட்டினார். வந்தவர் போனவர் எல்லோரும் அழகென்றார்கள். நானும்தான் அழகென்றேன். அது வேறு எதையாவது போலத் தெரிகிறதா என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தத் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அனோஜா டவுண்ரவுனில் இருந்து வந்திருந்தாள். சாப்பாட்டுக் கோப்பையில் போட்ட இடியப்பத்தை விரலால் பிய்த்துக்கொண்டிருந்தாளே தவிர, வாயில் வைக்கவில்லை.

"அப்பா, கிரேஸ் கோல் பண்ணினவ."

"என்னவாம்? பம்பி பழுதோ?"

"பம்பி நல்லா வேலை செய்யுது. அதிலை ஒருத்தரும் தண்ணி எடுக்கினம் இல்லை."

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினார். அனோஜா கோப்பையைப் பார்த்தபடியே சொன்னாள். முதலில் வந்தார்களாம். பிறகு ஒவ்வொருவராக வராமல் விட்டார்களாம். இந்தக் கல்லுக்குக் கீழே யாரைப் புதைத்திருக்கிறீர்கள் என்று வயதானவர்கள் கேட்டார்களாம். ஒருவரையும் புதைக்கவில்லை என்று கிரேஸ் சொன்னாலும், சிலுவை இருக்கிறது, முகம் இருக்கிறது, பிறந்த நாளும் செத்த நாளும் இருக்கிறது, பிறகென்ன என்கிறார்களாம்.

"கல்லறையடியிலை வாற தண்ணியை எப்பிடிப் பிள்ளையளுக்குக் குடுக்கிறது எண்டு கேக்கினமாம். மற்றது, அவைக்கு அண்ணாவைத் தெரியுமெல்லோ. பம்பியடி எண்டால் சிரிக்கிற, சண்டை பிடிக்கிற இடமாம். அண்ணான்ரை முகம் பாத்துக்கொண்டு நிக்கேக்கை அவையாலை வாய் திறக்கேலாமல் இருக்காம். தே ஜஸ்ட் கோ குவயட்."

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?"

"கிரேஸ் பயந்தவ, அப்பா. பிள்ளையை இழந்த ஆக்களிட்டை உதை என்னெண்டு சொல்லுறது எண்டு. கல்லை எடுக்கலாமோ எண்டு உங்களைக் கேக்கச் சொன்னவ."

அண்ணன் எழும்பினார். கதிரை பின்னால் போய்ச் சுவரில் முட்டியது. "அவைக்கு ஆத்துத் தண்ணிதான் விருப்பமெண்டால் ஆத்துத் தண்ணியையே குடிக்கட்டும்! கல்லிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது." கையைக்கூடக் கழுவாமல் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் கோபம்தான் வந்தது. நல்ல தண்ணீரைக் கொண்டுபோய்க் காலடியில் வைத்தால் இதென்ன நொட்டை என்று நினைத்தேன். அனோஜாவோ நிறுத்தவில்லை. எங்களிருவருக்கும் சொன்னாள்:

"இப்ப அங்கை மழைக்காலம், ஆறு முழுக்கச் சேறு. அதைக் கொதிக்க வைக்கினம். அண்ணா கட்டின அடுப்பிலை பெரிய பானை இருக்காது. பழையபடி மூண்டு கல்லு, பழையபடி விறகு, புகை. அண்ணா செய்தது எல்லாமே... " அவளால் முடிக்க முடியவில்லை.

மச்சாள் போய்ச் சொதிச் சட்டிக்குக் கீழே எரிந்த காஸை நிற்பாட்டினாள். கொஞ்ச நேரம் அந்தத் திருகியிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேர்ணடெற், எங்கடை சேமக்காலைக் கிணத்துத் தண்ணியை நீர் எப்பவெண்டாலும் குடிச்சிருக்கிறீரோ?"

இலங்கையில், மன்னாரில் எங்கள் கோயில் சேமக்காலையின் மதிலோரம் ஒரு கிணறு இருந்தது. நல்ல தண்ணீர் என்று சொல்வார்கள். பூங்கன்றுகளுக்கு ஊற்றுவார்கள், மண் போட்டுவிட்டு வருகிறவர்கள் கை கழுவுவார்கள். எவ்வளவு வெயிலென்றாலும் ஒருவர் வாயில் வைத்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த நாங்கள்தான் கறுப்புக் கல்லைக் கொண்டுபோய்த் தண்ணீருக்குப் பக்கத்தில் நட்டோம். நட்டுவிட்டு அழகென்றோம்.

அண்ணனிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. மச்சாளும் சொல்லவில்லை. அவருக்கு மகன் இன்னொரு தரம் சாகிற மாதிரி இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் ரீவி மட்டும்தான் கதைத்தது.

பிறகு ஒரு பின்னேரம் நான் அண்ணன் வீட்டில் நிற்கும்போது அனோஜா மச்சாளுக்குப் போன் பண்ணினாள். அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சமைக்கிற பெண்ணின் சின்ன மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். வாந்தியும் வயிற்றோட்டமும். பிள்ளை கண் திறக்கவில்லையாம். விறகு நனைந்துபோய் அன்றைக்குத் தண்ணீர் சரியாகக் கொதிக்கவில்லையாம்.

மச்சாள் போனை மேசையில் வைத்துவிட்டு நேரே போய் அண்ணனுக்கு முன்னால் நின்றாள். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயரவில்லை.

"இஞ்சாருங்கோ. அந்தத் தாயை எனக்குத் தெரியும். மரியோ வீடியோவிலை காட்டினவன். புது அடுப்புக்குப் பக்கத்திலை நிண்டு எனக்குக் கை காட்டினவ. அண்டைக்கு நான் நிண்ட மாதிரி இப்ப அவ ஆஸ்பத்திரியிலை நிக்கிறா."

அண்ணன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லை எடுத்தால் அவன்ரை பேர் எங்கை இருக்கும், வேரோனிக்கா?"

"எங்கையும் இருக்காது. இல்லாமல் போகட்டும். எங்கடை பிள்ளை அந்தச் சனத்தின்ரை வாயிலை தண்ணியை வைக்கத்தானே ஓடி ஓடித் திரிஞ்சவன். அவன்ரை முகத்தை வைச்சோ அதைத் தட்டிப் பறிக்கிறது?"

அவள் அப்போதுதான் அழத் தொடங்கினாள். மகன் செத்த அன்று அழுததைவிடப் பொல்லாத அழுகை அது. அண்ணன் எழும்பிப் போனை எடுத்தார். அனோஜா இன்னும் லைனில் இருந்தாள். கிரேஸோடு தானே கதைக்க வேண்டும் என்றார். அவள் இணைத்துக் கொடுத்தாள். வேலையிடத்தில் பழகிய அந்த நாலு இங்கிலிஸ் சொல்லை வைத்துக்கொண்டு அவர் சொன்னது எனக்குச் சாகும்வரை மறக்காது.

"சிஸ்டர், பிளீஸ் ரிமூவ். பிளீஸ் ரிமூவ் மை சன்."

அந்தப் பக்கத்தில் கிரேஸ் அழுவது எங்களுக்குக் கேட்டது.

பிள்ளை தப்பிவிட்டது. நாலைந்து நாள் சேலைன் ஏற்றி வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். அதன் பிறகு கிரேஸ் ஒரு வீடியோ அனுப்பினாள். பம்பியடியில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். யாரோ இடையில் புகுந்துவிட்டாள் போலிருக்கிறது, பெரிய சண்டை. பிறகு சிரிப்பு. ஒருத்தி மற்றவள்மேல் தண்ணீரை அள்ளி வீசினாள். பின்னால் கல் நின்ற இடத்தில் புதுச் சீமெந்து பூசியிருந்தது. அண்ணன் சத்தத்தைக் கூட்டி வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அவர்களின் பாசை ஒரு சொல்லும் அவருக்கு விளங்காது.

கல்லை உடைக்க அந்த ஊருக்கு மனம் வரவில்லை. மரியோவின் முகமல்லவா அதில் இருக்கிறது. ஆண்களும் பெண்களுமாகத் தோளில் தூக்கி, பாட்டுப் பாடிக்கொண்டு போய், தங்கள் கோயில் சேமக்காலையில் ஒரு மரத்துக்குக் கீழே, தங்கள் ஆட்களின் கல்லறைகளுக்கு நடுவில் நட்டார்களாம். நோயிலிருந்து எழும்பின பிள்ளையின் தாய் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இடத்தைக் கூட்டி விடுகிறாளாம். அனோஜா இதைச் சொன்னபோது அண்ணன் எழும்பிப் போனார். சுவரிலிருந்த படத்தைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

மாசி மாதம் மரியோவின் ஆண்டுப் பூசை முடிய, நானும் அண்ணனும் சேமக்காலைக்குப் போனோம். மச்சாள் வரவில்லை, கால் ஏலாது என்றாள். முழங்காலளவு பனி. அண்ணன் இந்தமுறை கார் டிக்கியில் பனி அள்ளுகிற சவளோடு வந்திருந்தார். இங்கேதான், இல்லை அங்கேதான் என்று கொஞ்ச இடத்தைத் தோண்டினார். யாரோ ஒருவரின் தகட்டு ஓரம் தெரிந்தது. எங்களுடையது இல்லை. மூச்சு வாங்கியது. சவளை ஊன்றிக்கொண்டு அந்த வெள்ளையைப் பார்த்தபடி நின்றார்.

"அங்கை ஸ்நோ கொட்டாது, என்ன?"

"கொட்டாது, அண்ணை."

"அப்ப பேர் தெரியும்."

"ஓம். வருசம் முழுக்கத் தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். சவளை என் கையில் தந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். நான் அவர் விட்ட இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.