தந்தி குமாஸ்தா படித்த எபிரெயம்

மேற்குத் தாம்பரத்தில் சத்தியநாதன் குடியிருந்த தெருவில் எபிரெய மொழிக்குப் பஞ்சமே இல்லை. எதிர் வீட்டின் நெற்றியில் ‘எபெனேசர்’, பக்கத்து வீட்டில் ‘பெத்தேல்’, முனை வீட்டில் ‘பெனியேல்’. அவர் மனைவி பெயரே சாராள். இத்தனை இருந்தும் அந்த மொழியில் ஒரு வாய்த் தண்ணீர் கேட்கத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது என்பது 1972 பிப்ரவரியில்தான் அவருக்கு உறைத்தது.

காரணம், தங்கை ஞானஜோதியின் கடிதம். பம்பாயில் நர்ஸாக இருந்தபோது அந்த ஊர் யூதர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அவரோடு இஸ்ரேலுக்குக் குடியேறியவள். பதினோரு வருஷம் கழித்து மே மாதம் வருகிறாளாம். நான்கு நாள் தங்குவாளாம். கூட எட்டு வயது மகள் யாயேல். குழந்தைக்கு எபிரெயம் தவிர வேறு பாஷை தெரியாதாம். கடிதத்தில் அன்புள்ள அண்ணா என்று ஒரு வார்த்தை இல்லை.

எப்படி இருக்கும்? அப்பா ஞானையா இறந்தபோது அவளுக்குத் தந்தி கொடுக்காதவர் இந்த அண்ணன்தான். இத்தனைக்கும் அவருக்கு உத்தியோகமே தந்தி ஆபீசில். ஊரார் வீட்டுச் சாவையெல்லாம் உலகத்துக்கு அனுப்பிய கை, சொந்தத் தங்கைக்கு ஃபாரத்தை எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டது. “யூதனைக் கட்டினவ எனக்கு மகளே இல்ல” என்று அப்பா எப்போதோ சொன்னது நல்ல சாக்காகக் கிடைத்தது. நான்கு மாதம் கழித்து, அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்ன தபீதாள் டீச்சர் எழுதித்தான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் எபிரெயப் பேச்சுக் கையேடு ஒன்று அகப்பட்டது. வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு, ஆபீஸ் போய்வரும் ரயிலில் உருப்போட்டார். தண்ணீர் மாயிம். ரொட்டி லெஹெம். சோறு ஓரெஸ். யானை பீல். கிண்டியில் படித்த பத்தில் ஆறு குரோம்பேட்டைக்குள் இறங்கிப் போய்விடும்.

“அந்தக் குழந்தைகிட்ட யானையைப் பத்தி என்னங்க பேசப் போறீங்க?” என்றாள் சாராள். “தங்கச்சிகிட்ட என்ன பேசறதுன்னு யோசிங்க.”

அதை யோசிக்கத்தான் அவருக்குப் பயம். குழந்தையைப் பிடித்துவிட்டால் தாய் தானாக இளகிவிடுவாள் என்று நம்பினார். கையேட்டின் முதல் பக்கத்திலேயே ‘ஸ்லிஹா’ என்று ஒரு வார்த்தை இருந்தது. மன்னிக்கவும். ராத்திரி ஜெபத்தில் ஆண்டவரிடம் தினமும் கேட்டுப் பழகிய வாய்தான். தங்கையிடம் தமிழில் கேட்க மட்டும் அதற்குக் கூச்சம். அந்த வார்த்தையைப் பத்திரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

ஞானஜோதி வந்தாள். சாராளைக் கட்டிக்கொண்டாள். அண்ணனிடம், “ரயில் லேட்டு” என்றாள். அவ்வளவுதான்.

சாப்பிட உட்கார்ந்ததும் சத்தியநாதன் செம்பை எடுத்து, “மாயிம்?” என்றார். குழந்தை தலையை ஆட்டி மறுத்துவிட்டு, தாயின் டம்ளரை இழுத்துக் குடித்தது. அவர் விடவில்லை. தன் நெஞ்சைத் தொட்டு, “தோத்” என்றார். அம்மாவின் சகோதரன். யாயேல் தாயிடம் ஏதோ கேட்டாள்.

“என்ன கேக்குது?”

“உனக்கு அண்ணன் இருக்கானான்னு கேக்கறா. நான் சொன்னதே இல்ல.”

“இப்ப என்ன சொன்னே?”

“சாப்பிடுன்னேன்.”

மூன்று நாளும் அப்படியே போயின. குழந்தை தண்ணீரைக்கூட அவர் கையால் வாங்கவில்லை.

நான்காம் நாள், புறப்படும் முன் பயண ஜெபம். வீட்டுக்குப் பெரியவர் என்று சத்தியநாதன்தான் ஜெபித்தார். ‘எங்கள் குற்றங்களை’ என்பது வரை வழக்கம்போல் ஓடிய ஜெபம் அங்கே நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தார். எதிரே தங்கை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஸ்லிஹா” என்றார்.

ஞானஜோதி நிமிர்ந்தாள். “அது பஸ்ஸுல கால மிதிச்சா சொல்றதுண்ணா” என்றாள். வந்ததிலிருந்து இப்போதுதான் அண்ணா என்கிறாள். “எனக்குத் தமிழ் மறந்துபோகல.”

ஒளிய இடமில்லை.

“அப்பா சொன்னாருன்னு இல்ல ஜோதி. ஃபாரத்தை எழுதினேன். நாந்தான் கிழிச்சேன். உன் கல்யாணத்தப்போ உனக்காக ஒரு வார்த்தை பேசாதவன், உன் முகத்துல முழிக்கப் பயந்து கிழிச்சேன். என்னை மன்னிச்சிடும்மா.”

அவள் அழுதாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. யாயேல் பதறிப்போய் ஏதோ கேட்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு நெடுநேரம் பதில் சொன்னாள். சத்தியநாதன் மூன்று மாதம் உருப்போட்டதில் ஒரு வார்த்தைகூட அதில் அகப்படவில்லை. கடைசி வார்த்தை மட்டும் தமிழ்.

“மாமா.”

குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு தன் டம்ளரை எடுத்து அவரிடம் நீட்டியது.

“மாமா, மாயிம்.”

சத்தியநாதன் ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீர் மொள்ள எழுந்து போனார்.