சாரை மேல் விரித்த வேட்டி

நான் பெண் பார்க்கப் போன அன்று என் இடுப்பில் இருந்த வேட்டி, காலையில் இரண்டு பாம்புகள் மேல் கிடந்தது. மண்ணைத் தட்டிவிட்டுத்தான் கட்டினேன். அவ்வளவு நாகரிகம் எனக்கு உண்டு.

தொண்ணூற்று மூன்று, வைகாசி. கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு எழும்பி நின்றன. தெருவே கூடிவிட்டது. அக்கா புருஷன் துலுக்கானம் வாயில் பல்பொடியோடு விளக்கம் சொன்னார்: "மச்சான், நல்ல பாம்பு ஆம்பள, சாரை பொட்ட. பிணையல் ஆடுது. பாக்கவே குடுத்து வச்சிருக்கணும்."

இரண்டுமே சாரை. இரண்டுமே ஆண். ஒன்றின் கழுத்தை ஒன்று அமுக்கித் தரையில் சாய்க்கப் பார்த்தது. ஜோடி சேரும் பாம்புகள் இப்படி எழும்பிக் கூத்தடிக்காது, தரையோடு தரையாகக் கிடக்கும். பருவம் வந்தால் ஆணின் ரத்தத்தில் ஹார்மோன் ஏறும். ஏறிய பிறகு இன்னொரு ஆணைக் கண்டால் மல்லுக்கு நிற்கும். இதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளே ஓடி என் புது வேட்டியைக் கொண்டுவந்து அவற்றின் மேல் வீசிவிட்டாள். பிணையும் பாம்பின் மேல் புதுத் துணி போட்டு எடுத்தால் வீட்டுக்கு யோகம் என்பார்கள். பாம்புகள் ஆளுக்கொரு பக்கம் ஓடின. சண்டை டிரா.

"தங்கவேலு, சாயங்காலம் இத்தையே கட்டிகினு வா. ஜோடி சேந்த துணி. உனுக்கும் ஜோடி சேரும்" என்றாள் அம்மா.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. என் வேலை அப்படி. ராஜஸ்தான் பாலைவனத்தில் பாம்பு ஆராய்ச்சி செய்யும் ஒருவரிடம் நான் உதவியாளன். சுருட்டை விரியனைப் பிடித்து, ரத்தம் எடுத்து, உள்ளே சின்ன ரேடியோ வைத்துத் தைத்து விட்டுவிடுவார். நான் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் நடப்பேன். பருவத்தில் பெண் பாம்பு தன் புதரை விட்டு அதிகம் நகராது. ஆண்தான் ஹார்மோன் ஏறி, தீனியையும் மறந்து, மணல்மேடு மணல்மேடாக அலையும். அதன் பின்னால் நானும் அலைவேன். என் ரத்தத்தை மட்டும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

"புள்ள இன்னா வேல பாக்குது?" என்று கேட்ட வீடுகளில் எல்லாம் அம்மா உண்மையைச் சொன்னாள். காபி எங்கள் கைக்கு வருவதற்குள் உள்ளே திரும்பிப் போய்விடும். ஆவடி குணசேகரன் மட்டும் மிரளவில்லை. தூரத்து உறவு. டேங்க் ஃபேக்டரியில் வேலை. டேங்கை மணலில் ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு ராஜஸ்தான் போய்வந்தவர். "அந்த வெயில்ல நடக்கறவன் குடும்பத்தையும் நடத்துவான்" என்றாராம்.

அவர் மகள் புஷ்பாவின் போட்டோ பாலைவனத்துக்கே தபாலில் வந்திருந்தது. அதை ரேடியோப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தேன். மணல் புகாத இடம் அங்கே அது ஒன்றுதான்.

சாயங்காலம் ஆவடியில், அவர்களின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பஜ்ஜி வந்தது. புஷ்பா வந்து கும்பிட்டுவிட்டுக் கதவோரம் நின்றாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, இந்த வேட்டிய பாத்தீங்களா? காலீல நல்லதும் சாரையும் பிணைஞ்சிகினு இருந்திச்சி. அதும்மேல போட்டு எடுத்தது. நல்ல சகுனம்ண்ணே."

குணசேகரன் வேட்டியைப் பார்த்தார். பிறகு என்னை. "தம்பி, நீங்க பாம்பு தெரிஞ்சவரு. நெசமாவே ஜோடிதானா அது?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். என் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று அவளுக்கு இருந்த முகம். "ஆமாங்க" என்று ஒரு வார்த்தை போதும். பொய்யே சொல்லாத உத்தமன் இல்லை நான். ஆனால் பாம்பு விஷயத்திலும் பொய் சொல்லிவிட்டால், எனக்குத் தெரிந்தது என்று அப்புறம் எதுவும் மிஞ்சாது.

"இல்லீங்க. ரெண்டுமே சாரை. ரெண்டுமே ஆம்பள. சண்ட போட்டுகினு இருந்திச்சி."

துலுக்கானம் பஜ்ஜியைப் பாதியில் நிறுத்தினார். அம்மா முந்தானையை விரலில் சுருட்ட ஆரம்பித்தாள்.

"அப்ப பொட்டப் பாம்பு எங்க?" என்றது கதவோரக் குரல்.

"பக்கத்துல எங்கனா இருந்திருக்கும். இல்லாங்காட்டி போயிருக்கும்."

"ஜெயிச்சவன்கிட்டதான் அது வரணுமா?"

"அப்டிலாம் இல்லீங்க. புடிக்கலன்னா அதும்பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும்."

"நானும் பாலைவனத்துக்கெல்லாம் வரமாட்டேன்" என்றாள் புஷ்பா. "டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல சொல்லிக் குடுக்கறேன். அத்த உட முடியாது."

"வர வேணாங்க. பொட்ட அது எடத்துலயே இருக்கும். ஆம்பளதான் தேடிகினு வரணும். சீசனுக்கு சீசன் கரெக்டா வந்துடுவேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. துலுக்கானத்துக்குப் புரையேறியது. குணசேகரன் மின்விசிறியை ஆராய்ந்தார். புஷ்பா உள்ளே போய்விட்டாள். நான் செருப்பு எங்கே கிடக்கிறது என்று வாசலைப் பார்த்தேன்.

சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அடக்கப் பார்த்து அடங்காத சிரிப்பு. அதற்குப் பின்னாலேயே காபி வந்தது. முதல் டம்ளரைப் புஷ்பா என்னிடம் நீட்டினாள். அவசரமாக வாங்கி, அந்த வேட்டியிலேயே கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன்.

"சீசன் எப்பன்னு சொல்லுங்க தம்பி" என்றார் குணசேகரன், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். "அதுக்குத் தோதாதான் முகூர்த்தம் பாக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா வேட்டியைத் துவைக்காமல் மடித்து, மஞ்சள் தடவி, டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

"எம்மா, அது சண்டத் துணி."

"ஆம்பளையோ பொம்பளையோ, போன வேல முடிஞ்சிதா இல்லியா? வாய மூடு. அப்டியே அந்தப் பொட்டியயும் மூடு."

இரண்டையும் மூடினேன்.