அவளுக்காகச் செய்தது

குரோம்பேட்டை கிளினிக்கின் வண்டி நிறுத்துமிடத்தில் வைத்துத்தான் காலேப் அதைச் சொன்னான். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை.

"மெட்டி, நான் அந்த டெஸ்ட்டுக்கு வந்து பிரயோஜனம் இல்ல. நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்."

"என்ன ஆபரேஷன்?"

"ஃபேமிலி பிளானிங் ஆபரேஷன். போன வருஷம், ஈஸ்டருக்கு முன்னாடி."

மெட்டில்டாவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஐஸ் கட்டிதான். ஈஸ்டருக்கு முன்னால் அவன் பைக்கிலிருந்து சறுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்லிப் படுத்திருந்தான். தொடை இடுக்கில் தசை பிடித்துக்கொண்டது என்றான். தான் வேலை பார்க்கும் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, துண்டில் ஐஸைச் சுற்றிக் கொடுத்து, கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

மகள் அபிகாயில் பிறந்தபோது மெட்டில்டாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. ஐ.சி.யூ.வில் கிடந்தாள். காலேப் தன் ரத்தத்தையும் கொடுத்து, மறைமலைநகர் கம்பெனியில் உடன் வேலை செய்தவர்களையும் அழைத்து வந்து கொடுக்க வைத்தான். பிழைத்து வந்த பிறகு டாக்டர், "அடுத்த குழந்தை பெத்துக்கலாம். ஆனா பெரிய ஆஸ்பத்திரியா பாத்து, ரத்தம் ரெடியா வச்சுக்கிட்டுப் பெத்துக்கணும்" என்றார். அபி ஒன்றாம் வகுப்பு சேர்ந்ததும் அடுத்தது என்று ஊரப்பாக்கம் வீட்டின் பால்கனியில் உட்கார்ந்து இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அபி ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள். அதற்கு முன்பே அவன் ஆபரேஷனுக்குப் போய் வந்துவிட்டான். அது அவளுக்குத் தெரியாது.

அதன் பிறகு இரண்டாவது குழந்தைக்காக ஒரு வருஷத்துக்கும் மேலாக அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. எடையைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தாள். மாத்திரை தின்றாள், ஊசி போட்டுக்கொண்டாள். கருக்குழாயில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்த அன்று வலி தாங்காமல் திரும்பும் வழியிலேயே வாந்தி எடுத்தாள். அப்போது காலேப் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதுகைத் தடவிக் கொடுத்தான். "ஆண்டவர் பாத்துக்குவாரு" என்றான். அவனையும் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் ஷிப்ட், ஆடிட் என்று ஏதாவது ஒன்று வந்தது. இனி அது இல்லாமல் சிகிச்சையைத் தொடர முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் இன்று அவன் வாய் திறந்தது.

"அந்த எக்ஸ்ரே எடுத்த அன்னைக்கு நீங்க வெளியிலதானே உக்காந்திருந்தீங்க?"

"சொல்லணும்னுதான் நெனச்சேன். வாய் வரல."

"நான் கத்தினது கேட்டுச்சா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு பயம், மெட்டி. உன்ன அப்படிப் பாத்தவன் நான். திரும்ப ஒரு தடவை என்னால முடியாது. உனக்காகத்தான் பண்ணேன்."

"செத்துப் போறதா இருந்தா நான்தானே சாகணும். பயப்பட வேண்டியவளும் நான்தானே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன். அதனாலதான் நீங்க கேக்கல."

பைக்கில் ஏறச் சொன்னான். அவள் ஏறவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்து போய், செங்கல்பட்டு வண்டியில் பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் கிழக்கு தாம்பரத்தில் இருக்கும் அக்கா ரோஸியிடம் போய்ச் சொன்னாள். ரோஸி முழுக்கக் கேட்டாள். பிறகு, "எவன்டி இப்படிப் பண்ணுவான்?" என்றாள். "நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்க பண்ணிக்கோங்கன்னு கெஞ்சினேன். ஆம்பளைக்கு எதுக்குன்னுட்டு, சிசேரியன் தையல் காயறதுக்குள்ள என்னைத்தான் கொண்டு போய் படுக்க வச்சாரு. நீ குடுத்து வச்சவ."

"அக்கா, அவரு என்னை ஏமாத்தியிருக்காரு."

"உன் உசுருக்கு பயந்துதானே. குடிச்சாரா, இன்னொருத்திகிட்ட போனாரா? இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு."

அன்று மாலையே மாமியார் தொலைபேசியில் அழைத்தாள். "என் புள்ள உடம்புல கத்தி வைக்க விட்டுட்டியேம்மா" என்று அழுதாள்.  மெட்டில்டா கட் பண்ணிவிட்டாள்.

காலேப் எதற்கும் தயாராக இருந்தான். காலில் விழவும் தயார் என்றான். அவள் கேட்டது ஒன்றுதான். புதன்கிழமைதோறும் இரும்புலியூரில் அவர்கள் சபையின் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும். ஒரு வருஷமாக அங்கே அவள் தலையில் எண்ணெய் வைத்து, அவளுடைய கர்ப்பத்தைத் திறந்தருளும் என்று எல்லோரும் ஜெபித்து வந்தார்கள். ஏதாவது மறைவான பாவம் இருந்தால் அறிக்கையிடும்படி ஒரு சிஸ்டர் அவள் காதில் சொல்லியும் இருந்தாள். "எனக்கு ஒரு குறையும் இல்லைன்னு நீங்க அங்க எழுந்து நின்னு சொல்லணும்" என்றாள் மெட்டில்டா. காலேப் சம்மதித்தான்.

புதன்கிழமை அவன் எழுந்து நின்றான். அபி பிறந்த நாளிலிருந்து ஆரம்பித்தான். சட்டையெல்லாம் மனைவியின் ரத்தமாக ஆஸ்பத்திரி வராந்தாவில் தான் முழங்காலில் நின்றதைச் சொன்னான். அவள் உயிரைவிட இன்னொரு பிள்ளை பெரிதல்ல என்று ஆண்டவர் தன்னோடு பேசியதாகச் சொன்னான். யாருக்கும் தெரியாமல் தன் உடம்பில் அந்தக் கத்தியை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னபோது அவன் குரல் உடைந்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ஸ்தோத்திரம்" என்றார் பாஸ்டர் தேவானந்தம். "மனைவியை நேசிக்கிறது எப்படின்னு பிரதர் காலேப் இன்னைக்கு நமக்குக் காட்டியிருக்கார்."

 மெட்டில்டா கேட்டது இதை அல்ல. அவள் எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அவரு விட்டுட்டதை நான் சொல்லிடுறேன். ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, பைக்ல விழுந்துட்டேன்னு எங்கிட்ட பொய் சொன்னாரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு மாசமும் நான் பாத்ரூம்ல அழுறப்போ வெளியில நின்னு கதவைத் தட்டி சமாதானம் பண்ணாரு. எனக்கு ஊசி போட்டாங்க, கூட வந்தாரு. எக்ஸ்ரே எடுத்தாங்க, கூட வந்தாரு. நீங்க எல்லாரும் என் தலையில கை வச்சு ஜெபம் பண்ணீங்க. அவரும் கண்ணை மூடிக்கிட்டு ஆமென் சொன்னாரு. தெரிஞ்சேதான் சொன்னாரு."

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "சிஸ்டர், இது குடும்ப விஷயம். வீட்ல உக்காந்து பேசிக்கலாமே."

"என் கர்ப்பப்பை ஒரு வருஷமா இந்த ஹால்லதான் இருக்கு பாஸ்டர். அப்ப யாரும் குடும்ப விஷயம்னு சொல்லல."

அபியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து செருப்பை மாட்டினாள். யாரும் பின்னால் வரவில்லை.

அதன் பிறகு அவள் மகளோடு வேறு அறையில் படுத்தாள். சமைத்தாள், பள்ளிக்குப் போனாள், தேவைக்கு மட்டும் பேசினாள். பத்து நாள் கழித்து காலேப் முகம் மலர வீட்டுக்கு வந்தான்.

"மெட்டி, பெரிய டாக்டர் ஒருத்தரைப் பாத்துட்டு வந்தேன். வெட்டின குழாயைத் திரும்ப சேர்த்துடலாமாம். வெள்ளிக்கிழமைக்கு டேட் வாங்கிட்டேன். கம்பெனியில லீவும் சொல்லிட்டேன். உனக்கு வேணும்னா சரி, நான் எதுக்கும் ரெடி."

அபியின் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"திரும்பவும் நீயே போய்க் கேட்டுட்டு, நீயே முடிவு பண்ணிட்டு வந்துட்டியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை நீ என்று சொன்னதில்லை. அவன் திகைத்துப்போனான்.

"நீ குழந்தை வேணும்னுதானே..."

"உனக்கு இன்னும் புரியல. நெஜமாவே புரியல." அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அவன் கட்டிக்கொள்ள வருவான் என்பதால் அடக்கிக்கொண்டாள். "அந்த டேட்டை கேன்சல் பண்ணு. இப்பவே, என் முன்னாடி பண்ணு."

அவன் அழைத்துப் பேசி ரத்து செய்தான்.

அடுத்த மாதம் அவளே ஒரு டாக்டரைத் தேடினாள். ஒரு சனிக்கிழமை இருவரும் போனார்கள். டாக்டர் காலேப்பைப் பார்த்தே பேசினார். மெட்டில்டா இடைமறித்துக் கேட்டாள். திரும்பச் சேர்க்கலாம், ஆனால் குழந்தை உண்டாகும் என்று உறுதி கிடையாது என்றார் அவர். பழையபடி ரத்தப்போக்கு வருமா என்று கேட்டாள். வரலாம், முன்கூட்டியே தெரிந்தால் சமாளிக்கக்கூடியதுதான், ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது என்றார். இந்தக் கேள்விகளை காலேப் ஆபரேஷனுக்கு முன் யாரிடமும் கேட்டதில்லை.

வெளியே வந்ததும், "என்ன பண்ணலாம்?" என்றான்.

"தெரியல. நான் யோசிக்கணும். நீ கேக்காத."

மழைக்காலம் முழுவதும் யோசித்தாள். குழந்தை வேண்டும் என்ற ஆசை போகவே இல்லை. ஆனால் மறுபடியும் ஊசி, மறுபடியும் மாதம் மாதம் காத்திருப்பு, அதுவும் இந்த மனுஷனை நம்பி. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அபி கீழே விளையாடிக்கொண்டிருந்தபோது, அவனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"எனக்கு வேணாம். அபி போதும்."

காலேப் பெருமூச்சு விட்டான். முகத்தில் நிம்மதி தெரிந்தது. அவள் தோளைத் தொட்டு, "நல்ல முடிவு, மெட்டி" என்றான்.

அவள் அவன் கையை எடுத்து அப்பால் வைத்தாள்.

"நல்லதா கெட்டதான்னு நீ சொல்லாத. எனக்கு அந்தக் குழந்தை வேணும்னு இருந்துச்சு. இன்னும் இருக்கு. உன்னாலதான் வேணாம்னு சொல்றேன்."

காலேப் ஏதோ சொல்ல வந்தான். அவள் எழுந்து பால்கனிக்குப் போய், சாப்பிட மேலே வரும்படி அபியைக் கூப்பிட்டாள்.