தீ இல்லாத பொறி

பஸ்ஸின் பக்கவாட்டில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி மின்னியது. ஷெட் கதவு திறந்ததும் என் நாத்தனார் கைதட்டிச் சிரித்தாள். எனக்கோ அந்த மினுமினுப்பே பிடிக்கவில்லை. பையிலிருந்து கையகல வினைல் ஸ்டிக்கர் துண்டு ஒன்றை எடுத்து, பின்தாளை உரித்து, கதவோரமாக ஒட்டி அழுத்தித் தேய்த்தேன். விரலை எடுத்ததும் அது மெதுவாகச் சறுக்கி, நாக்கை நீட்டுவதுபோல முன்னால் வளைந்து, பொத்தென்று கீழே விழுந்தது.

டிரைவர் அண்ணன் பெருமையாகப் பக்கத்தில் வந்து நின்றார். "நேத்து சாயங்காலம் வண்டி ஒர்க்‌ஷாப்ல இருந்து வந்ததுமே ரெண்டு கோட் பாலிஷ் போட்டுட்டேன். ஈ உக்காந்தா வழுக்கி விழும்."

"ஈ விழட்டும் அண்ணே. எங்க பொழப்பும் சேர்ந்துல்ல விழுது" என்றாள் நாத்தனார். அவர் முகம் சுருங்கிப் போனது. நல்லது செய்யப்போய் மாட்டிக்கொண்டவரைத் திட்டவும் முடியாது, பாராட்டவும் முடியாது.

நான் கம்ப்யூட்டரில் வரைந்து அச்சடிப்பேன், அவள் ஒட்டுவாள். நாங்கள் சேர்ந்து கடை போட்டபோது, "நாத்தனாரும் அண்ணியும் ஒரே ஏணியில ஏறினா ஏணி என்னத்துக்கு ஆகும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஏணி இதுவரை தாங்கியது. ஆனால் நாங்கள் ஒட்டியதெல்லாம் கடைக் கண்ணாடிகள், ஒரு பல் ஆஸ்பத்திரிப் பலகை, ஒரு ஐஸ் வண்டி, அவ்வளவுதான். முழு பஸ் இதுதான் முதல். அதுவும் பெண்கள் கால்பந்து அணியின் பஸ். அவர்கள் முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தார்கள். இத்தனை நாளும் கரப்பான்பூச்சி மருந்து விளம்பரம் போட்ட வாடகை வேனில்தான் போய்வந்தார்கள். எதிர் அணிக்காரிகள் அவர்களுக்கு வைத்த பட்டப்பெயரை நான் சொல்லத் தேவையில்லை. இன்றைக்காவது சொந்தப் பெயரோடு போய் இறங்க வேண்டும் என்று பெண்கள் ஆசைப்பட்டார்கள். அணியின் பெயர் தீப்பொறி. சாயங்காலம் பக்கத்து நகரத்தில் ஆட்டம். மத்தியானத்துக்குள் கிளம்பியாக வேண்டும்.

பாலிஷை எடுக்காமல் ஒட்டினால் பாதி வழியிலேயே பெயர் உரிந்து காற்றில் பறக்கும். டிரைவர் அண்ணன் ஓடிப்போய் ஸ்பிரிட் கேன்களை வாங்கிவந்தார். அதற்குள் பெண்களும் வந்துவிட்டார்கள். ஈரத்துணியால் ஒரு தேய்ப்பு, அது காய்வதற்குள் உலர்ந்த துணியால் இன்னொரு தேய்ப்பு. தாமதித்தால் பாலிஷ் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளுமே தவிரப் போகாது. நாத்தனார் செய்துகாட்டிய மறுநிமிஷம் ஆளுக்கொரு துணியோடு பஸ்ஸை மொய்த்துவிட்டார்கள்.

"ஆட வேண்டிய பிள்ளைங்கம்மா, இப்பவே களைச்சுப் போயிடுவாங்க" என்று கோச் தவித்தார்.

"நாங்க ஆடுறது காலால சார். கை சும்மாதானே இருக்கு!" என்றாள் கேப்டன்.

"அப்ப என் கை?" என்றாள் கோல்கீப்பர். ஷெட்டே சிரித்தது. அவளை மட்டும் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, துணியைத் தொடக்கூடாது என்று கோச் காவலிருந்தார். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அங்க விட்டுட்டே, இங்க விட்டுட்டே" என்று அத்தனை பேரையும் விரட்டினாள்.

மறுபடி துண்டை ஒட்டிப் பார்த்தேன். இந்தமுறை நகத்தால் கீறித்தான் பிய்க்க முடிந்தது. பெண்கள் விசிலடித்தார்கள்.

பின்பக்கத்திலிருந்து தொடங்கினோம். என் நாத்தனார் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஒரு கையில் சூடான காற்று ஊதும் ஹீட் கன், மறுகையில் தேய்க்கும் பட்டை. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, தகட்டில் ரிவிட் ஆணித் தலைகள் வருமிடத்தில் சூடு காட்டி, இளகியதும் கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் சுற்றி அழுத்துவாள். சூடு கூடினால் படம் இழுபட்டு மூஞ்சி கோணும், குறைந்தால் ரிவிட்டைச் சுற்றிக் காற்று நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இருக்கிறது. அது அவளுக்கு விரலிலேயே தெரியும். கூரையில் சிவப்பு ஒட்டியாகிவிட்டது, வலது பக்கம் முழுப் பெயரும் ஏறிவிட்டது. இடது பக்கம் 'ப்பொறி' வரைக்கும் வந்துவிட்டது. மீதி இருந்தது அதே பக்கத்தின் முன்கோடியில் வர வேண்டிய 'தீ' மட்டும்தான்.

சந்தோஷத்தில் எனக்குக் கை நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உரிக்க வேண்டிய பின்தாளை வேகமாக இழுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து யாரோ ஷெட்டின் பின்கதவைத் திறந்தார்கள். காற்று புகுந்தது. போர்வையளவு வினைல் என் கையிலிருந்து திமிறி, பசையும் பசையும் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு நொடியில் சுருண்டது. இரண்டுபேராக இழுத்தோம். நடுவில் கிழிந்தது.

புதிதாக அச்சடித்தால் மை உலரவே ஒருநாள் வேண்டும். என் கண் கலங்கிவிட்டது. அவள் என்னை என்ன சொன்னாலும் தகும் என்று நின்றேன். அவள் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ப்பொறி" என்று வாசித்தாள். "இப்படியே அனுப்பினா எலி பிடிக்க வந்திருக்காங்கன்னு நினைப்பாங்க. கரப்பானுக்கு எலி எவ்வளவோ மேல்."

கேப்டன்தான் முதலில் சிரித்தாள். பிறகு நானும்.

"அழுறதுக்கு அப்புறம் நேரம் ஒதுக்கிக்கலாம் அண்ணி. கூரைக்கு ஒட்டினது போக சிவப்பு ரோல் மிச்சம் இருக்குல்ல? வெட்டுங்க."

"கையாலயா? மிஷின் இல்லாம நான் ஒரு புள்ளி வெட்டினதில்லடி!"

"உங்க பேரை எழுதத் தெரியும்ல? அதே தமிழ்தான். வெட்டுங்க."

சிவப்பு வினைலைத் தரையில் விரித்து முழங்காலிட்டேன். நான்கு மூலையிலும் நான்கு பெண்கள் உட்கார்ந்து அசையாமல் பிடித்துக்கொண்டார்கள். கட்டரை வைத்தபோது கை நடுங்கியது. 'த'வின் வளைவில் நடுக்கம் அப்படியே விழுந்தது. கோடு அலையலையாகப் போனது. நிறுத்தலாமா என்று நிமிர்ந்தேன். "போங்க அக்கா, நிறுத்தாதீங்க, நல்லா எரியுது!" என்று கத்தினாள் ஸ்டூலிலிருந்து கோல்கீப்பர். அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. மேற்சுழியை நீட்டிச் சுழற்றி, அளவு மீறி, ஜன்னல் விளிம்பைத் தாண்டிப் போகும்படி விட்டேன். மற்ற எழுத்துகளைவிட அது பெரிதாக இருந்தது, கொஞ்சம் சாய்ந்தும் இருந்தது.

இந்தமுறை பின்கதவில் டிரைவர் அண்ணன் முதுகைச் சாய்த்துக் காவல் நின்றார். நான் விரற்கடை விரற்கடையாக உரிக்க, அவள் தேய்த்துக்கொண்டே வந்தாள். சுழியின் நுனியில் கடைசி ரிவிட்டை அவளும் நானும் ஒரே நேரத்தில் அழுத்தினோம். சூடு விரலைச் சுட்டது. இரண்டுபேரும் எடுக்கவில்லை.

பெண்கள் கூச்சலோடு ஏறினார்கள். நாங்கள் ஏணியை மடக்கினோம். டிரைவர் அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி, "நீங்க எங்க நிக்கிறீங்க? வழியில ஓரம் தூக்கிச்சுன்னா நானா ஒட்டுவேன்? ஏறுங்க!" என்றார். தலையெல்லாம் தூசி, கையெல்லாம் ஸ்பிரிட் வாடை. அப்படியே ஏறினோம். கோல்கீப்பர் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

கடைத்தெருவில் திரும்பும்போது கேப்டன், "எல்லாரும் இடது பக்கம் பாருங்கடி!" என்று அலறினாள். தெரு நீளத்துக்கும் கண்ணாடி வைத்த கடைகள். அதில் எங்கள் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. எழுத்துகள் இடம்வலம் மாறியிருந்தன. முன்னால் அந்தச் சிவப்பு, துணிக்கடைக் கண்ணாடியில் உயர்ந்து, தூணில் அறுந்து, மருந்துக்கடைக் கண்ணாடியில் மறுபடி பற்றிக்கொண்டது. அதற்குப் பின்னால், ஜன்னல்கள் தோறும், வெளியே நீட்டிய கைகள்.