வெர்னர் எண்ணிய குஞ்சுகள்

வெர்னர் நீமிக்குத் தன் கழிவுநீர் நிலையத்தை யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசினால் பொறுக்காது. பிர்ச் ஹார்பர் ஊரின் சாக்கடைத் தண்ணீரைப் பத்தொன்பது வருடமாகச் சுத்தம் செய்து, அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் விடுகிறவர் அவர். அந்த வருடம் மூன்றாவது முறையாக டுலூத் நகர ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர் சோதனைக்கு அனுப்பிய தண்ணீரில் விட்ட தண்ணீர்ப்பூச்சிகள் பிழைக்கவில்லையாம்.

"உன் தண்ணியில பூச்சிகூட குடித்தனம் பண்ணாதாமே," என்றான் கூட வேலை பார்க்கும் டுவைன்.

வெர்னர் வண்டியை எடுத்தார். ஆய்வகத்தில் பூச்சிச் சோதனை செய்யும் மார்லிஸ் ஹாகனின் மேசையில் தன் ரசாயனச் சோதனைக் காகிதங்களைப் போட்டார். அவளுக்கும் அவர் வயதுதான் இருக்கும்.

"துத்தநாகம் எல்லைக்குள்ள இருக்கு. சோப்பு எல்லைக்குள்ள இருக்கு. இருபத்தாறு ரசாயனம் பார்த்தாச்சு, ஒண்ணுகூட மீறல. அப்புறம் உங்க பூச்சிக்கு என்ன வந்துச்சு?"

"தனித்தனியா பார்த்தா எல்லாரும் நல்லவங்கதான்," என்றாள் மார்லிஸ். "சேர்ந்தா என்ன பண்றாங்கன்னு உங்க தாள்ல இல்லையே. உக்காருங்க, காப்பி இருக்கு."

காப்பியோடு நுண்ணோக்கியையும் அவர் பக்கம் நகர்த்தினாள். அதனடியில் ஒரு பூச்சி: கடுகிலும் சிறிய உடம்பு, கண்ணாடி மாதிரி. உள்ளே ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு இதயம் இருக்கு," என்றார் வெர்னர்.

"பின்ன?"

அவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

எல்லைக்கு மிக நெருக்கத்தில் இருந்தவை துத்தநாகமும் சோப்பும்தான் என்பதால், மார்லிஸ் சுத்தமான ஏரித் தண்ணீரை மூன்று வரிசைக் கோப்பைகளில் ஊற்றினாள். வெர்னரின் தண்ணீரில் இருக்கும் அளவுக்கே முதல் வரிசையில் துத்தநாகம், இரண்டாவதில் சோப்பு, மூன்றாவதில் இரண்டும் கலந்து, எல்லாவற்றிலும் பூச்சிகளை விட்டாள். மூன்றாம் நாள் வெர்னர் நேரிலேயே வந்து பார்த்தார். முதல் இரண்டு வரிசையிலும் பூச்சிகள் துள்ளிக்கொண்டிருந்தன. மூன்றாவதில் எல்லாம் அடியில் கிடந்தன.

"ரெண்டும் சேர்ந்தா பூச்சிக்கு ஆகல," என்றாள் அவள்.

வெர்னருக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை நாள் இருட்டில் துழாவிய கைக்கு ஏதோ அகப்பட்ட மாதிரி இருந்தது.

துத்தநாகம் ஊர் முழுவதும் இருக்கும் தகரக் கூரைகளிலிருந்து மழையில் கரைந்து வருவது. அதை ஒன்றும் செய்ய முடியாது. சோப்பு, விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ஷெரிலின் சலவைக்கூடத்திலிருந்து வந்தது.

"என் சோப்பு அனுமதி வாங்கின சோப்பு," என்றாள் ஷெரில்.

"தெரியும். தப்பு உங்க மேல இல்ல. துத்தநாகத்தோட அதுக்கு ஒத்துப்போகல, அவ்வளவுதான்."

"என் முதல் புருஷன் மாதிரியா? தனியா இருந்தா தங்கம். என்னோட சேர்ந்தா வீடே நாறும்." அவள் சிரித்துவிட்டாள். "சரி, வேற சோப்பு எது நல்லதுன்னு கேட்டுச் சொல்லுங்க, மாத்திடறேன்."

சோப்பை மாற்றிய பிறகு வெர்னரின் தண்ணீரில் ஏழு நாள் சோதனை தொடங்கியது. பத்துக் கோப்பை, கோப்பைக்கு ஒரு தாய்ப்பூச்சி. நான்காம் நாள் மார்லிஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"குஞ்சு போட்டிருக்கு."

வெர்னர் ஒரு மணி நேரத்தில் அங்கே இருந்தார். கண்ணாடிக் குழாயை அவர் கையில் கொடுத்து எண்ணச் சொன்னாள்.

"ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதே. இதை ஏற்கெனவே எண்ணிட்டேனா?"

"எண்ணினதை உறிஞ்சி அடுத்த கிண்ணத்துல விடுங்க. என் வேலை எவ்வளவு லேசுன்னு இப்ப தெரியுதா?"

ஏழாம் நாள் முடிவு வந்தது. பத்துத் தாயும் உயிரோடு இருந்தன. தாய்க்குச் சராசரி இருபத்தெட்டுக் குஞ்சு. வெறும் ஏரித் தண்ணீரில் விட்டவற்றுக்கும் ஏறக்குறைய அதே கணக்கு.

"பரவாயில்லையே," என்றாள் மார்லிஸ். அந்த ஏரிக்கரையில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. வெர்னரின் காது சிவந்துபோனது.

ஊரின் குளிக்கும் துறையில், தண்ணீரில் இறங்க வேண்டாம் என்ற எச்சரிக்கைப் பலகை இரண்டு கோடையாக நின்றிருந்தது. பூச்சிகள் சாகும் காரணம் தெரியாமல் அதை எடுக்க சுகாதார அதிகாரி சம்மதித்ததில்லை. இப்போது, நீந்தும் குழந்தை எத்தனை மிடறு தண்ணீர் விழுங்கும் என்பதுவரை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஜூன் மாதத்தில் கையெழுத்துப் போட்டார். பலகையைப் பிடுங்க வெர்னரே கடப்பாரையோடு போனார். அவர் முடிப்பதற்குள் பாதி ஊர் தண்ணீரில் இறங்கி, குளிரில் பல் தந்தியடிக்க நின்றது.

சோதனை முடிந்த பூச்சிகளைக் கொட்டிவிடுவதுதான் வழக்கம். வெர்னர் விடவில்லை. பத்துத் தாய்களையும் ஒரு ஜாடியில் வாங்கிவந்து நிலையத்தின் ஜன்னலில் வைத்திருக்கிறார். அவற்றுக்குத் தீனியாக ஈஸ்ட்டும் பாசியும் போடுவது டுவைன். கேட்டால், வெர்னர் மறந்துவிடுகிறார், அதனால்தான் என்கிறான்.